புது ஊலாங் நாக்குக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட, ஓரளவு மட்டும் ஆக்சிஜனேற்றிய தேயிலையான ஊலாங்கில் ஒன்றிரண்டு வகை குடித்துப் பழகியவர்கள்கூட முதன்முதலாகத் தான்சோங் கைக்கு வரும்போது தடுமாறுகிறார்கள். தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணத்தில், சாவ்சோ நகருக்கு வடக்கே உள்ள ஃபெங்குவாங் மலையில் விளைகிற தேயிலை இது. பொட்டலத்தைப் பிரித்தால் மணம் ஆளைத் தூக்குகிறது. போட்டுக் குடித்தால் முகம் சுளிக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, நமக்குப் போடத் தெரியவில்லையா, இல்லை இதன் சுவையே இப்படித்தானா? எந்தப் புது ஊலாங்கை எடுத்தாலும் இந்த மூன்று கேள்விதான் வரும். கீழே பெரும்பாலும் தான்சோங்கை வைத்தே சொல்கிறேன். தேவைப்படும் இடத்தில் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து வூயி, அன்சி வகைகளுக்கும் தைவான் வகைகளுக்கும் போகலாம்.

என் வரிசை இது: முதலில் கையைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் தண்ணீரை, அப்புறம் டப்பாவை, எல்லாவற்றுக்கும் கடைசியில் இலையை. கையை மாற்றிப் பார்க்கக் காசு ஆகாது, இலையை மாற்ற நிறைய ஆகும். இன்னொன்று, ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேரத்தையும் சூட்டையும் அளவையும் ஒன்றாக மாற்றிவிட்டு ‘இப்போது பரவாயில்லை’ என்றால், எது சரியானது என்று உங்களுக்கே தெரியாது.

தொடங்கும் முன் ஓர் அளவு

அளக்காமல் போட்ட டீயைப் பற்றி யாரும் எதுவும் உருப்படியாகச் சொல்ல முடியாது. தான்சோங் நீளவாக்கில் முறுக்கிய இலை. ஒரு ஸ்பூனில் அள்ளினால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அன்சி தியெகுவான்யினும் தைவான் உயர்மலை ஊலாங்கும் இறுக்கி உருட்டியவை. அதே ஸ்பூனில் சில மடங்கு எடை ஏறிவிடும். ஆகவே 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த களிமண் தேநீர்க் குடுவையை வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான். களிமண் பாத்திரம் மணத்தை உறிஞ்சும். புதுத் தேயிலையை மதிப்பிடும்போது பீங்கான்தான் பொய் சொல்லாது.

குடிப்பதற்கான அளவு: 100 மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணம், சீனர்கள் கைவான் என்று சொல்வது. அதில் 5 கிராம் இலை, நன்றாகக் கொதித்த தண்ணீர். முதல் தடவை 10 விநாடிக்குள் வடித்துவிட வேண்டும். அதே இலையில் அடுத்தடுத்து ஊற்றும் தண்ணீருக்கு ஐந்து, பத்து விநாடி கூட்டிக்கொண்டே போகலாம். சாவ்சோ வீடுகளில் இதைவிட அதிக இலையைக் கிண்ணம் நிறைய அடைத்துப் போடுவார்கள். பழகாத நாக்குக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

சோதிப்பதற்கான அளவு வேறு. சீனத் தேசியத் தர முறையில் மதிப்பீட்டாளர்கள் ஊலாங்கை 110 மில்லி மூடிக் கிண்ணத்தில் 5 கிராம் இலை போட்டு, கொதிநீர் ஊற்றி, முதல் தண்ணீரை 2 நிமிடமும் இரண்டாவதை 3 நிமிடமும் மூன்றாவதை 5 நிமிடமும் ஊறவிடுவார்கள். அந்தத் தேநீர் குடிக்க இனிமையாக இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இலையில் ஒளிந்திருக்கும் குறை வெளியே வர வேண்டும் என்பதற்காக அப்படிப் போடுகிறார்கள். டீ ருசி பார்ப்பதற்கான சர்வதேசத் தர முறையான ஐஎஸ்ஓ 3103ஐயும் சிலர் பயன்படுத்துகிறார்கள்: 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம், ஒரே தண்ணீர். அசாம் டீக்கு அது போதும். ஊலாங்கின் பாதிக் கதை இரண்டாம், மூன்றாம் தண்ணீரில்தான் இருக்கிறது என்பதால் இதற்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

கசப்பு தாங்க முடியவில்லை

தான்சோங் வாங்கியவர்களிடமிருந்து வரும் முதல் புகார் இதுதான். பத்தில் எட்டுத் தடவை என்று சொல்ல ஆசை, ஆனால் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நேரத்திலிருந்து தொடங்குங்கள். 10 விநாடியில் வடித்ததையும் 30 விநாடி விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ஒரே பொட்டலத்து இலை என்று நம்பமாட்டீர்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று, வடிக்கிற நேரமும் ஊறுகிற நேரம்தான். கைவானின் மூடியைச் சரியாகச் சாய்க்கத் தெரியாமல் சொட்டுச் சொட்டாக வடித்தால், 10 விநாடி என்று நினைத்தது 25 விநாடி ஆகியிருக்கும். வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் இதே கதி. கடைசிச் சொட்டுவரை வடித்துவிடவும் வேண்டும். அடியில் ஒரு வாய் தண்ணீரை விட்டுவைத்தால் அது இலையோடு ஊறிக் கொண்டே இருந்து அடுத்த கோப்பையைக் கெடுக்கும். ‘முதல் தண்ணீர் நன்றாக இருந்தது, இரண்டாவது விஷமாகக் கசந்தது’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

நேரம் சரி, ஆனாலும் கசக்கிறது என்றால் இலையை 4 கிராமாகக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் தண்ணீரின் சூட்டை 90 டிகிரிக்கு இறக்குங்கள். சூட்டை முதலில் குறைக்கச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூடு குறைந்தால் கசப்பு குறையும் என்பது உண்மை, கூடவே மணமும் குறையும். மணத்துக்காகவே விலை கொடுத்து வாங்கிய தேயிலையில் அதை முதல் வேலையாகத் துறப்பானேன்?

பொட்டலத்தின் அடியையும் பாருங்கள். முறுக்கிய இலை எளிதில் நொறுங்கும். கூரியரில் அடிபட்டு வந்திருந்தால் பாதி தூளாக இருக்கும். தூள் ஒரே நொடியில் எல்லாவற்றையும் கக்கிவிடும். முழு இலையை மட்டும் பொறுக்கி 5 கிராம் எடுத்து ஒரு தடவை போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கசப்பு இருந்தால், அது என்ன கசப்பு என்று கேட்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. ஒரு வாய் குடித்து விழுங்குங்கள். அதன்மேல் எதையும் குடிக்காமல், தின்னாமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே ஓர் இனிப்பு, அந்த மாதிரி கசப்பு கரைந்து தொண்டையிலிருந்து இனிப்பு மேலேறி வருகிறதா? சீனர்கள் ஹுயி கான் என்று சொல்லித் தேடுவது இதைத்தான். இது வந்தால் உங்கள் இலையில் குறை இல்லை, ஃபெங்குவாங் மலைத் தேயிலையில் கசப்பு கொஞ்சம் இருந்தே தீரும். மாறாக, கசப்பு அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டு, நிமிடங்கள் கழிந்தும் நகராமல், இனிப்பு என்ற பேச்சே இல்லாமல் இருந்தால் இலையின் மேல் பழி போடலாம்.

அப்படியான இலை பெரும்பாலும் கோடைப் பறிப்பாகவோ தாழ்வான தோட்டத்து இலையாகவோ இருக்கும். வெயிலும் சூடும் ஏற ஏற இலையில் கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டச்சின்கள் கூடும், இனிமையும் வழுவழுப்பும் தரும் அமினோ அமிலங்கள் குறையும். ஃபெங்குவாங்கில் நல்ல இலை வசந்தத்தில், மார்ச் கடைசி முதல் மே தொடக்கம் வரை பறிப்பதுதான். குளிர்காலத்தில் பறிக்கும் ஷுவே பியான் என்ற ரகமும் உண்டு. அதில் மணம் உயர்ந்திருக்கும், வாயில் தெரியும் கனம் குறைந்திருக்கும், விலை குறைவு. அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் எந்த மலை, எத்தனை வயது மரம் என்று கேட்பதற்கு முன் எந்தப் பருவத்துப் பறிப்பு என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் அவர் என்ன சொன்னாலும் நம்மால் சரிபார்க்க முடியாது.

கசக்கவில்லை, ஆனால் நாக்கு இழுக்கிறது

கசப்பையும் துவர்ப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். தேயிலையின் பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், வாயின் வழுவழுப்பு போய் வறட்சி தோன்றுகிறது. கன்னத்தின் உட்புறத்தையும் ஈறையும் நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு அரை நிமிடத்தில் தீர்ந்து எச்சில் ஊறினால் சரி, குறையல்ல. தீராமல் நாக்கு காய்ந்தே கிடந்தால், ஊறிய இலையைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, சக்கையை அதில் விரித்துவிடுங்கள். தான்சோங், வூயி இலைகளின் நடுப்பகுதி மஞ்சள் கலந்த பச்சையாகவும் விளிம்பு செம்பழுப்பாகவும் இருக்க வேண்டும். பறித்த இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டில் போட்டு இரவெல்லாம் இடைவெளிவிட்டு உலுக்குவார்கள். விளிம்புகள் ஒன்றோடொன்று உரசி அடிபட்டு, அங்கே மட்டும் ஆக்சிஜனேற்றம் நடக்கும். அந்தச் சிவப்பு விளிம்பு அதன் அடையாளம். விளிம்பு சிவக்காமல் இலை முழுக்கப் பச்சையாக இருந்து, நாக்கும் இழுத்தால், உலுக்கும் வேலையைக் குறைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வறுவல் அதிகமான இலையில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. தணலில் எல்லா நிறமும் ஒரே பழுப்பாகிவிடும்.

சில சமயம் இலை நன்றாக இருந்து, வறுத்து அதிக நாள் ஆகாததால் மட்டும் துவர்க்கும். அதற்கு மருந்து டப்பாவை மூடிவைத்துக் காத்திருப்பதுதான்.

மணமே வரவில்லை

தண்ணீரைப் பார்க்கும் இடம் இது. போர் தண்ணீரில் போட்ட ஊலாங்கை நான் மதிப்பிடவே மாட்டேன். சென்னையில் பல வீடுகளுக்கு வரும் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் தாராளம். தேநீர் ஆறும்போது மேலே எண்ணெய்ப் படலமாக ஒன்று மிதந்து, கோப்பை ஓரத்தில் பழுப்பு வளையம் விடுகிறதா? அது தேயிலையின் அழுக்கல்ல, உங்கள் தண்ணீர். மணம் மங்கும், நிறம் கறுக்கும், சுவை தட்டையாகும். 20 லிட்டர் கேன் தண்ணீரிலோ, வீட்டு ஆர்ஓ தண்ணீரிலோ அதே அளவில் இன்னொரு தடவை போடுங்கள். அதிலும் சப்பென்றிருந்தால் தாது அறவே இல்லாத தண்ணீராக இருக்கலாம். வேறு பிராண்டு பாட்டில் தண்ணீர் ஒன்றை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டில் விலையில் ஒரு பெரிய சந்தேகம் தீரும்.

மலை ஊர்க்காரர்களுக்கு வேறொரு சிக்கல். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை கிட்டத்தட்ட ஒரு டிகிரி இறங்குகிறது. சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 டிகிரிக்குப் பக்கம். உருட்டிய ஊலாங்குக்கும் வறுத்த வூயிக்கும் அந்தச் சூடு கொஞ்சம் போதாது. கைவானையும் கோப்பையையும் கொதிநீரில் நன்றாகச் சூடாக்கி, கெட்டிலை அடுப்பை விட்டு இறக்கிய கையோடு ஊற்றி, நேரத்தை ஒன்றரை மடங்கு கூட்டினால் சமாளிக்கலாம். சமவெளியில் இருப்பவர்களும் பாத்திரத்தைச் சூடாக்குவதை விடக் கூடாது. குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் 100 டிகிரித் தண்ணீர் ஊற்றிய கணமே நிறையச் சூட்டை இழந்துவிடும்.

அடுத்து, மணத்தை எங்கே தேடுகிறீர்கள்? கோப்பைக்கு மேல் மூக்கை நீட்டினால் ஆவிதான் முகத்தில் அடிக்கும். கைவானின் மூடியை எடுத்து, அதன் உட்பக்கத்தை முகருங்கள். சூடாக இருக்கும்போது ஒரு தடவை, வெதுவெதுப்பானதும் ஒரு தடவை, முழுக்க ஆறியபிறகு ஒரு தடவை. சூட்டில் குறைகள் துருத்திக்கொண்டு தெரியும்: புகை, பச்சை வாடை, மக்கல். வெதுவெதுப்பில் ரகத்துக்கு உரிய மணம் தெரியும். ஆறியபின்னும் மூடியிலும் காலிக் கோப்பையின் அடியிலும் மணம் தங்கியிருந்தால் நல்ல இலை. தைவானில் இதற்கென்றே உயரமான மணக் கோப்பை வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் குடித்து முடித்த கோப்பையே போதும்.

கடைசியாக, பாத்திரம் கழுவிய சோப்பு, சமையலறையில் தாளிக்கும் பெருங்காயம், கையில் பூசிய கிரீம், சாமி அறை ஊதுபத்தி. இவற்றோடு போட்டியிட்டு எந்த ஊலாங்கும் ஜெயிக்காது.

மணம் அளவுக்கு மீறி அடிக்கிறது, சென்ட் கலந்திருக்குமோ?

சந்தேகம் நியாயமானது, ஆனால் தான்சோங்கில் பெரும்பாலும் தவறானது. இந்த ரகங்களைப் பெரும்பாலும் மணத்தை வைத்தே பெயரிடுகிறார்கள். மி லான் சியாங் என்றால் தேன்-ஆர்க்கிட் மணம், ஷிங் ரென் சியாங் என்றால் பாதாம் மணம். கார்டீனியா, இஞ்சிப்பூ, மல்லிகை என்று பட்டியல் நீளும். பூ எதையும் சேர்ப்பதில்லை. மல்லிகை டீயில்தான் உண்மையான மல்லிகைப் பூவை இலையோடு கலந்து மணமேற்றுவார்கள். தான்சோங்கில் அந்தந்தச் செடியும், உலுக்கும் முறையும், வறுவலும் சேர்ந்து அந்த மணத்தைத் தருகின்றன.

இதில் மிகப் புகழ்பெற்றது யா ஷி சியாங், அதாவது வாத்துப் பீ மணம். பயப்பட வேண்டாம், கோப்பையில் வெள்ளைப் பூக்களின் மணமும் கொஞ்சம் பால் மணமும்தான் இருக்கும். தன் செடியின் கிளையை மற்றவர்கள் திருடி ஒட்டுக்கட்டிவிடக் கூடாது என்று ஒரு விவசாயி வேண்டுமென்றே இப்படி ஒரு பெயர் சொன்னார் என்று அங்கே கதை உண்டு. அந்த நிலத்து மண்ணின் நிறத்தால் வந்த பெயர் என்பவர்களும் உண்டு. 2014இல் யின் ஹுவா சியாங், வெள்ளிப்பூ மணம் என்று கௌரவமாகப் பெயர் மாற்றினார்கள். கடைத்தெருவில் வாத்துதான் இன்னும் விற்கிறது.

உண்மையிலேயே செயற்கை மணம் ஏற்றியது அதிகம் புழங்கும் இடம் ‘பால் ஊலாங்’. தைவான் தேயிலை ஆய்வு நிலையம் 1981இல் வெளியிட்ட 12ஆம் எண் ரகமான ஜின் சுவானுக்கு இயற்கையிலேயே மெல்லிய பால் மணம் உண்டு. அந்தப் பெயரைப் பயன்படுத்தி மலிவான இலையில் பால் சுவையூட்டி கலந்து விற்பவர்களும் உண்டு. பிரித்தறிவது சுலபம். கலந்தது பொட்டலத்தைத் திறந்ததுமே அறையை நிறைக்கும், முதல் தண்ணீரில் கொட்டும், மூன்றாம் தண்ணீரில் காணாமல் போகும். மிஞ்சுவது வெறும் மலிவு டீ. இயற்கையானது நேர்மாறாக, உலர் இலையில் அடக்கமாக இருந்து இரண்டாம், மூன்றாம் தண்ணீரில் விரியும். விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விட்டுப் பாருங்கள். மணம் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் தொண்டையிலிருந்து திரும்பி வரும். மேலே தெளித்ததாக இருந்தால் மூக்கில் மட்டும் நின்றுவிடும்.

தேன் மணம் வந்தால் தேன் கலந்ததாக நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தைவானின் சின்ச்சு, மியாவ்லி பகுதிகளில் ‘கீழை அழகி’ என்றொரு ஊலாங் செய்கிறார்கள். கோடையில் பச்சைத் தத்துப்பூச்சி தளிரின் சாற்றை உறிஞ்ச, செடி அதற்கு எதிர்வினையாகச் சுரப்பவைதான் அந்தத் தேன், பழ மணமாக மாறுகின்றன. பூச்சி கடிக்காவிட்டால் அந்தத் தேநீரே இல்லை. அதனால் அந்தத் தோட்டங்களில் மருந்து அடிக்க முடியாது.

கருகல் வாடை, புகை வாடை

வூயி மலைப் பாறைத் தேயிலைகளில், அதாவது தா ஹோங் பாவ், ரோவ் குய், ஷுய் ஷியான் போன்றவற்றில் இந்தப் புகார் அதிகம். கரித்தணலின் மேல் மூங்கில் கூடையில் வைத்து மணிக்கணக்கில், பல சுற்று வறுக்கிறார்கள். வறுத்து இறக்கிய புதிதில் நெருப்பு வாடை எல்லாவற்றையும் மூடிவிடும். சில மாதம் டப்பாவில் கிடந்தால் தணிந்து, உள்ளே இருக்கும் பூ, பழ மணம் எட்டிப் பார்க்கும். அவசரமாகக் குடித்தே ஆக வேண்டும் என்றால், குடிக்கப்போகும் அளவு இலையை மட்டும் ஒரு பீங்கான் தட்டில் ஒருநாள் காற்றாட வையுங்கள். கொஞ்சம் குறையும்.

அது தணியும் நெருப்பா, தீராத கருகலா என்று சக்கை சொல்லும். பல தண்ணீர் ஊறியபிறகும் இலை விரியாமல், விறைப்பாக, கரியாகவே இருந்தால் வறுக்கவில்லை, எரித்திருக்கிறார்கள். விரிந்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் காத்திருக்கலாம். கோப்பையில் நிறம் எவ்வளவு அடர்ந்தாலும் அடி தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாக இருந்தால் நல்ல அறிகுறியில்லை. பழைய, சுமாரான இலையின் குறையை மறைக்கக் கடுமையாக வறுப்பதும் உண்டு. அத்தகையதில் முதல் இரண்டு தண்ணீரில் வறுவல் சுவை, அப்புறம் ஒன்றுமே இருக்காது.

பொட்டலத்தில் தா ஹோங் பாவ் என்று எழுதியிருந்தால் வூயி மலைப் பாறைமேல் நிற்கும், அந்த ரகத்தின் மூலமான தாய் மரங்களின் இலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் பறிப்பதையே 2006இல் நிறுத்திவிட்டார்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பல ரகங்களைக் கலந்து அந்தச் சுவைக்குக் கொண்டுவருவது. அது மோசடி அல்ல, அங்கே ஏற்றுக்கொண்ட வழக்கம்.

வெந்நீர் குடித்த மாதிரி இருக்கிறது

டீக்கடை டீயில் வளர்ந்த நாக்குக்கு இது நேரும். நம் ஊர்ச் சிடிசி தூள் நசுக்கிக் கிழித்துச் சுருட்டியது, சில நிமிடத்தில் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடும். உருட்டிய ஊலாங்கின் இலை விரியவே முதல் தண்ணீர் வேண்டும். அதனால் தைவான் உயர்மலை ஊலாங்குக்கு முதல் தடவை 45 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை விடுங்கள். தான்சோங்குக்குச் சொன்ன 10 விநாடியை இங்கே கொண்டுவராதீர்கள். இரண்டாம் தண்ணீரில் உருண்டை அவிழ்ந்திருக்கும், அங்கிருந்து தீர்ப்பு சொல்லலாம்.

கனத்தை நாக்கில் தேடுவதைவிட வாயில் தேடுங்கள். தண்ணீருக்கு ஒரு வழுவழுப்பு, ஒரு கெட்டித்தன்மை இருக்கிறதா, விழுங்கியபின் தொண்டையில் எவ்வளவு நேரம் தங்குகிறது? நிறம் வெளிறி, சுவை மென்மையாக இருந்தும் தொண்டையில் ஐந்து நிமிடம் நிற்கும் ஊலாங் உண்டு. பாலும் சர்க்கரையும் போட்டுச் சரிசெய்ய நினைக்க வேண்டாம், இருக்கிற மணமும் போய்விடும்.

புளிப்பு, பச்சை வாடை, மக்கல்

புளிப்பு இரண்டு வகை. அன்சி தியெகுவான்யினில் 1990களுக்குப் பிறகு பரவிய பச்சை மணப் பாணியில், வேண்டுமென்றே புளிப்பு எட்டிப் பார்க்கும்படி செய்வதும் உண்டு. அது கூர்மையாக, சுத்தமாக இருக்கும், நாவில் நீர் ஊறவைக்கும். பிடிக்காவிட்டால் வறுத்த பழைய பாணி தியெகுவான்யினுக்குப் போய்விடுங்கள். மற்றது பழசாகிப் போன புளிப்பு. தட்டையாக, அட்டைப்பெட்டி வாடையோடு வரும், உலர் இலையின் பச்சையும் மங்கியிருக்கும். பச்சைப் பாணி ஊலாங்கைக் காற்றுப் புகாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொட்டலத்தைத் திறக்காமல் இருக்க வேண்டும். திறந்தால் இலைமேல் ஈரம் படியும். வறுத்தவற்றுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், இருட்டான அலமாரியில் மூடிய டப்பா போதும்.

கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் திறந்துவைத்த டப்பா சீக்கிரம் ஈரம் குடிக்கும். ஈரம் மட்டும் என்றால் அடிகனமான சட்டியை மிக மெல்லிய தீயில் வைத்து, இலையை விடாமல் புரட்டி உலர்த்தினால் ஓரளவு மீளும். பூஞ்சை வாடையோ வெள்ளைப் பொட்டோ கண்டால் குப்பைக்குப் போக வேண்டியதுதான், விலையை நினைத்துக் குடிக்காதீர்கள்.

நாலாவது தண்ணீரில் ஒன்றும் இல்லை

5 கிராம், 100 மில்லி, குறைந்த நேரம் என்ற கணக்கில் ஒரு நல்ல தான்சோங் எட்டுத் தண்ணீராவது தாங்கும். நாலிலேயே வெளுத்தால் முதல் மூன்றை அதிக நேரம் விட்டீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இலைக்கு அவ்வளவுதான் சக்தி. பல தண்ணீர் தாங்குவதே உயர்ந்த தரம் என்று சொல்லிவிடவும் முடியாது. கசப்பு மட்டும் பத்துத் தண்ணீர் தாங்கி என்ன பயன்? ஏழாவதில் மணம் போய் இனிப்பு மட்டும் மிஞ்சினாலும் அது நல்ல முடிவு.

வயிறு புரட்டுகிறது, தலை லேசாகிறது

சின்னக் கோப்பைதானே என்று அடுத்தடுத்து உள்ளே தள்ளியிருப்பீர்கள். 5 கிராம் இலையின் காஃபின் முழுக்க ஒருவர் வயிற்றுக்குப் போகிறது. வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், பக்கத்தில் வேர்க்கடலையோ பிஸ்கட்டோ இருக்கட்டும். சாவ்சோவில் ஒரு பானைக்கு மூன்று கோப்பை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது: ஒருவருக்கே எல்லாம் போய்ச் சேராது. சோதிக்கும் அளவில் போட்டதை மதிப்பீட்டாளர்கள் ஸ்பூனில் உறிஞ்சித் துப்பிவிடுவார்கள். நீங்களும் கூச்சப்படாமல் துப்பலாம்.

நேற்று அருமை, இன்று மட்டம்

நேற்று என்ன சாப்பிட்டுவிட்டுக் குடித்தீர்கள்? ரசமோ ஊறுகாயோ சாப்பிட்ட வாய்க்கு ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள். ஜலதோஷம் என்றால் அன்று எதையும் தீர்மானிக்க வேண்டாம். புதிதைத் தனியாக வைத்துக் குடிப்பதும் ஞாபகத்தை ஏமாற்றும். உங்களுக்கு நன்கு பழகிய ஓர் ஊலாங்கைப் பக்கத்தில், அதே தண்ணீர், அதே அளவில் போட்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் சுவையுங்கள். விலை தெரிந்தால் நாக்கு வளைந்துகொடுக்கும், ஆகவே கோப்பைக்கு அடியில் எண் எழுதி ஒட்டி, வேறு யாரையாவது இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்ற குறிப்பு அடுத்த மாதம் உதவாது. ‘கசப்பு விழுங்கியதும் போனது, மூடியில் ஆறியபின்னும் மணம்’ என்று எழுதிவைத்தால் உதவும்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று, ஆனாலும் பிடிக்கவில்லை

தண்ணீர் மாற்றியாயிற்று, நேரம் குறைத்தாயிற்று, சக்கையில் சிவப்பு விளிம்பு இருக்கிறது, மணம் நிற்கிறது, இனிப்பும் திரும்பி வருகிறது. குறை எதுவும் இல்லை, ஆனால் உங்களுக்கு இந்தச் சுவை ஆகவில்லை. தரம் வேறு, விருப்பம் வேறு. மிச்சப் பொட்டலத்தை வீணாக்க வேண்டாம். 5 கிராம் இலையை ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் போட்டு, மூடி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த நீரில் கசப்பும் துவர்ப்பும் மிகக் குறைவாகவே இறங்கும், பூ மணம் மட்டும் தெளிவாக வரும். காலையில் வடிகட்டி, அன்றைக்கே குடித்துவிடுங்கள்.